நான் மூடவைத்த வியாழக்கிழமை வகுப்பு

அனுப்புநர்:
தங்கள் அலுவலகக் கோப்பில் "புகார்தாரர்" எனக் குறிக்கப்பட்டிருப்பவர்,
ஓய்வு பெற்ற பதிவறை எழுத்தர்,
மேல்நிலைப் பள்ளியின் பின்தெரு, மாடி வீடு.

பெறுநர்:
கல்வி அலுவலர் அவர்கள்,
கல்வி அலுவலகம், இரண்டாம் தளம்.

பொருள்: பதினோராம் வகுப்பு – சமூகத் தொழில்முனைவுப் பாடம் நிறுத்தப்பட்டது – அதற்குக் காரணமான என் புகார் முழு உண்மை அல்ல எனத் தெரிவித்தல் – ஆணையை ரத்து செய்யக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: 1. பதிவு அஞ்சலில் நான் அனுப்பிய புகார் மனு.
2. அதன் மீது ஒன்பதே நாளில் பிறப்பிக்கப்பட்ட தங்கள் ஆணை.

மதிப்பிற்குரிய அம்மையீர்,

வணக்கம்.

1. பார்வை 1-இல் கண்ட புகாரை எழுதியவன் நான்தான். அந்தப் புகாரின் மீதுதான் இப்போது புகார் செய்கிறேன். முப்பத்தாறு ஆண்டுகள் பதிவறையில் குப்பை கொட்டியவன் என்ற முறையில், இப்படி ஒரு மனு வந்தால் அதை எந்தக் கோப்பில் சேர்ப்பது என்று தங்கள் பிரிவு எழுத்தர் தலையைச் சொறிவார் என்பது எனக்குத் தெரியும். பழைய கோப்பிலேயே, பழைய புகாருக்கு மேலே வைத்துத் தைக்கச் சொல்லுமாறு கேட்டுக்கொள்கிறேன். கோப்பைத் திறப்பவர் கண்ணில் இதுதான் முதலில் பட வேண்டும்.

2. தங்கள் அலுவலகத்தின் வேகத்தைப் பாராட்டாமல் மேலே செல்வது மரியாதை அல்ல. எங்கள் தெருவிளக்குக்காக நான் வேறோர் அலுவலகத்துக்குக் கொடுத்த மனுவுக்குப் பதில் வர இரண்டு ஆண்டு ஆனது. குடிநீர்க் குழாய் பற்றிய மனுவுக்கு இன்னும் வரவில்லை. இந்தப் புகாருக்கு மட்டும் ஒன்பது நாளில் வகுப்பு நிறுத்தப்பட்டு, ஆசிரியையிடம் விளக்கம் கேட்கப்பட்டு, மாணவர்கள் வாங்கி வைத்திருந்த காது கருவிப் பேட்டரிகள் தலைமை ஆசிரியையின் பீரோவில் பூட்டப்பட்டுவிட்டன. வாழ்நாளில் நான் எழுதியவற்றுள் கைமேல் பலன் தந்த மனு இது ஒன்றுதான். அதுவே தப்பான மனுவாக அமைந்துவிட்டது.

3. வகுப்பில் நடப்பது என்ன என்பதைத் தங்கள் ஆணை மூன்றே சொல்லில் முடித்துவிட்டது: "மாணவர்களைக் கொண்டு வணிகம்." தங்களைக் குறை சொல்வதற்கில்லை. என் புகாரிலிருந்த அதே சொற்கள்தாம் அவை. நான் விசாரிக்காமல் எழுதினேன். இந்த வாரம்தான் பள்ளிக்குப் போய் விசாரித்தேன். இனி எழுதுவதெல்லாம் நேரில் கேட்டதும் கண்ணால் பார்த்ததும்.

4. வியாழக்கிழமைகளில் கடைசி இரண்டு பாடவேளை இந்த வகுப்பு. வணிகவியல் ஆசிரியை நடத்துகிறார். பாடம் கேட்பதற்கு எளிது. அக்கம்பக்கத்தில் யாருக்கேனும் இருக்கும் ஒரு தொல்லையைக் கண்டுபிடிக்க வேண்டும். அதைத் தீர்க்கும் ஒரு தொழிலைத் தொடங்க வேண்டும். அந்தத் தொழில் யாரிடமும் நன்கொடைக்குக் கையேந்தாமல் தானே நடக்க வேண்டும். மிஞ்சுவது மறுபடியும் அந்தத் தொல்லையைத் தீர்க்கவே போக வேண்டும். சமூகத் தொழில்முனைவு என்பது இதுதானாம். ஆனால் தொழிலைத் தொடங்குமுன் ஒவ்வொரு குழுவும் இருபது பேரிடம் "வேண்டாம்" வாங்கி வர வேண்டும் என்பது ஆசிரியையின் விதி. ஏன் வேண்டாம் என்பதையும் அவரவர் சொன்ன வார்த்தையிலேயே ஒரு நோட்டில் எழுத வேண்டும். அதற்கு வேண்டாம் நோட்டு என்றே பெயர். "சரின்னு சொல்றவங்க மரியாதைக்குச் சொல்லுவாங்க. வேண்டாம்னு சொல்றவங்கதான் நமக்குப் பாடம் சொல்லித் தர்றாங்க" என்பது அந்த அம்மையாரின் கட்சி. இருபது பேரிடம் முகத்தில் அடித்தாற்போல் பதில் வாங்குவது பதினாறு வயதுப் பிள்ளைகளுக்குச் சுலபம் அல்ல என்பதைத் தாங்கள் அறிவீர்கள்.

5. எங்கள் பகுதியை எடுத்துக்கொண்ட குழுவில் ஒன்பது பேர். அவர்களுடைய முதல் திட்டம், காது கேளாத முதியவர்களுக்குப் புதிய கருவி வாங்கித் தர நிதி திரட்டுவது. பெரிய பெரிய சுவரொட்டிகள்கூட எழுதி முடித்துவிட்டார்களாம். ஆசிரியை அதைப் பாராட்டவும் இல்லை, திட்டவும் இல்லை. "சரி, போய்க் கேட்டுட்டு வாங்க" என்று மட்டும் சொல்லி அனுப்பியிருக்கிறார். நாற்பது வீடு ஏறி இறங்கியதில் ஒரு விஷயம் தெரிந்தது. முப்பத்தொரு வீட்டில் கருவி ஏற்கெனவே இருக்கிறது. என்றோ ஒரு இலவச முகாமில் வாங்கியது, மேசை இழுப்பறையிலோ பீரோவிலோ கிடக்கிறது. வேண்டாம் நோட்டில் எழுதியிருந்ததை அப்படியே எடுத்துத் தருகிறேன். "காதுக்குள்ள விசில் அடிக்குது." "பேட்டரி எங்க கிடைக்கும்னு தெரியல." "அத்தனூண்டு பேட்டரியை என் விரலால பிடிக்க முடியல." "மருமகளை எத்தனை தடவைதான் கேக்கறது." இவற்றைப் படித்த பிறகு நிதி திரட்டும் திட்டம் குப்பைக்குப் போனது. சுவரொட்டிகளைத் திருப்பிப் போட்டு, பின்பக்கத்தில் தெருத் தெருவாக வீடுகளின் வரைபடம் போட்டிருக்கிறார்கள். அதை நான் பார்த்தேன். என் வீட்டின் மாடிப்படிக்கு "கைப்பிடி ஆடுது, பார்த்து ஏறவும்" என்று குறிப்பே இருக்கிறது.

6. அந்த நோட்டில் என்னுடையது பதினேழாவது வேண்டாம். ஆறு ஆண்டுகளாக எனக்குக் காது மந்தம். கருவி வாங்கிய மூன்றாம் மாதமே அதைக் கழற்றி, பழைய சாவிகள் கிடக்கும் இழுப்பறையில் போட்டவன். அதன்பின் யார் என்ன சொன்னாலும் முகத்தைப் பார்த்துத் தலையாட்டி, "சரி, சரி, நல்லது" என்று சொல்லிக் காலத்தை ஓட்டிவந்தேன். பிள்ளைகள் வந்து நின்றபோதும், "எனக்கு ஒரு குறையும் இல்லை, போய்ப் படிக்கிற வழியைப் பாருங்கள்" என்று விரட்டினேன். அடுத்த வாரம் மறுபடி வந்தார்கள். அப்போது என் மனைவி குறுக்கே வந்து, "அவர் சொல்றதை விடும்மா, அந்த சாவி டிராயர்ல கெடக்கு பாரு" என்று காட்டிக் கொடுத்துவிட்டார். குழுவின் தலைவியான மாணவி கருவியின் குழாயில் அடைத்திருந்த அழுக்கை மெல்லிய கம்பியால் எடுத்து, புதிய பேட்டரி போட்டு, என் காதில் மாட்டினார். எனக்கு முதலில் கேட்டது சமையலறைக் குழாய் சொட்டும் சத்தம். அந்தக் குழாய் சொட்டுகிறது என்று என் மனைவி நான்கு ஆண்டுகளாகச் சொல்லிவந்தது கற்பனை அல்ல என்பது அன்றுதான் தெரிந்தது.

7. இதை இலவசமாகச் செய்யாமல் சந்தா வாங்கியது ஏன் என்று தங்கள் ஆணை கேட்கிறது. பிள்ளைகளே முதலில் இலவசமாகத்தான் செய்ய நினைத்திருக்கிறார்கள். "நீங்க ரெண்டு வருஷத்துல காலேஜுக்குப் போயிடுவீங்க. அப்புறம் அவங்க காதுக்கு யார் பொறுப்பு?" என்று ஆசிரியை கேட்டாராம். அதற்குப் பதில் கண்டுபிடிக்க அவர்களுக்கு மூன்று வியாழக்கிழமை பிடித்தது. முடிவில், முடிந்தவர்கள் சந்தா கட்டுவது, மூன்று பேர் கட்டினால் நான்காவது ஒருவருக்கு இலவசம், ஆண்டுதோறும் பத்தாம் வகுப்பிலிருந்து வருகிறவர்களைப் பழக்கிவிட்டுப் போவது என்று ஏற்பாடு செய்தார்கள். பேட்டரி கடையிலும் கிடைக்கும் என்று தங்கள் ஆணையில் உள்ளது. கிடைக்கும்தான். இரண்டு வாரத்துக்கு ஒரு சனிக்கிழமை வீடு தேடி வந்து, பேட்டரியை மாற்றி, குழாயைத் துடைத்து, முதுகுப்பக்கம் போய் நின்று "தாத்தா, இப்ப கேக்குதா?" என்று கேட்டுப் பார்க்கும் ஆள் கடையில் கிடைப்பதில்லை. கேள்விப்பட்டு வந்த அடுத்த தெருக்காரர்களோடு நாற்பத்து மூன்று வீட்டிலிருந்து வீட்டுக்கு ஒருவராகச் சந்தாதாரர்களாகச் சேர்ந்தோம்.

8. இனி, நடந்த தவறு. இந்தப் பேட்டரியின் முதுகில் ஒரு சின்ன ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். அதை உரித்ததும் காற்றுப் பட்டு பேட்டரி உயிர் பெறும். பிறகு பயன்படுத்தினாலும் பயன்படுத்தாவிட்டாலும் சுமார் இரண்டு வாரத்தில் தீர்ந்துவிடும். அது மட்டுமல்ல, உரித்த பிறகு ஒரு நிமிடம் வெளியே வைத்திருந்துதான் கருவியில் போட வேண்டும். நான் மேலே சொன்ன மாணவியை வகுப்பில் "அவசரம்" என்று கூப்பிடுகிறார்கள். எதையும் அடுத்தவரைவிட முன்னால் செய்து முடிக்கும் பெண். நாற்பத்து மூன்று வீட்டில் தலா ஒரு நிமிடம் சும்மா நிற்பது அவருக்குப் பொறுக்கவில்லை. மாத ஆரம்பத்திலேயே உட்கார்ந்து, ஒரு பெட்டி பேட்டரி முழுவதற்கும் ஸ்டிக்கரை உரித்து, பேட்டரிகளை வரிசையாக ஒரு டப்பாவில் அடுக்கி வைத்துவிட்டார். முதல் சுற்றில் ஒன்றும் தெரியவில்லை. இரண்டாம் சுற்றில் எங்களுக்குப் போட்ட பேட்டரிகள் டப்பாவுக்குள்ளேயே இரண்டு வார ஆயுளைக் கழித்துவிட்டவை. சனிக்கிழமை மாற்றியது திங்கட்கிழமை செத்தது. சோம்பேறி செய்யக்கூடிய தவறு அல்ல இது என்பதைத் தாங்கள் கவனிக்க வேண்டும்.

9. என் புகாரில் நான் எழுதாத ஒன்றை இங்கே எழுதியாக வேண்டும். அந்தத் திங்கட்கிழமை மாலை வெளியூரில் வேலை பார்க்கும் என் மகள் போன் செய்தாள். என் மனைவி தன் அக்கா வீட்டுக்குப் போயிருந்தார். நலம் விசாரித்து இரண்டு வாக்கியம் பேசியிருப்பாள், கருவி இரண்டு முறை கூவிவிட்டு அடங்கிப்போனது. "கேட்கவில்லை" என்று சொல்லிப் போனை வைத்திருக்கலாம். ஆறு ஆண்டுப் பழக்கம் விடவில்லை. "சரி, சரி, நல்லது. ரொம்ப சந்தோஷம்மா" என்றேன். மறுநாள் காலை வீடு திரும்பிய என் மனைவிதான் விவரம் சொன்னார், காகிதத்தில் எழுதிக் காட்டி. பதினான்கு ஆண்டு உழைத்த கம்பெனி அவளை ஒரே நாளில் வேலையைவிட்டு அனுப்பிவிட்டது. அதைத் தகப்பனிடம் சொல்லத்தான் போன் செய்திருக்கிறாள். "அப்பா சந்தோஷம்னு சொல்லிட்டார்மா, எனக்கு அதுக்கு மேல பேசத் தோணல" என்று தாயிடம் சொல்லியிருக்கிறாள்.

10. அந்தக் காகிதத்தை மடித்து வைத்துவிட்டு அதே மேசையில் உட்கார்ந்து எழுதியதுதான் பார்வை 1-இல் கண்ட புகார். ஏழு குற்றச்சாட்டுகள். அதில் என் மகளைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. ஆத்திரம் முழுவதையும் விதிமுறையாக மாற்றுவது எனக்குக் கைவந்த கலை. "மாணவர்கள் பள்ளியின் பெயரால் பொருள் விற்பதோ சந்தா வசூலிப்பதோ கூடாது" என்று சொல்லும் பழைய சுற்றறிக்கையை வீட்டுப் பெட்டியிலிருந்து தேடி எடுத்து, "பத்தி 1-இன்படி" என்று எண்ணோடு மேற்கோள் காட்டினேன். அந்தச் சுற்றறிக்கைக்கு இரண்டாம் பத்தி உண்டு. அது என் கண் எதிரே இருந்தது. அதை நான் வேண்டுமென்றே விட்டுவிட்டேன். பணிக்காலம் முழுவதும் பாதிச் சுற்றறிக்கையை எடுத்து நீட்டுகிறவர்களைக் கண்டாலே எனக்கு ஆகாது. நானே அதைச் செய்தேன்.

11. அந்த வாரச் சனிக்கிழமை, முறை இல்லாத நாளில், "அவசரம்" என் வீட்டு வாசலில் வந்து நின்றார். என் காதில் கருவி இருந்தும் பயனில்லை என்பது அவருக்குத் தெரியும். அதனால் முன்கூட்டியே பெரிய எழுத்தில் எழுதிக்கொண்டு வந்த அட்டையைத் தூக்கிப் பிடித்தார். "பேட்டரி மேல் தப்பு இல்லை. நான்தான் ஸ்டிக்கரை முன்னாலேயே உரித்துவிட்டேன். மன்னிக்கவும். புதியது கொண்டுவந்திருக்கிறேன்." உள்ளே வரச் சொன்னேன். என் கண் எதிரே ஸ்டிக்கரை உரித்தார். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு இருவரும் ஒரு நிமிடம் உட்கார்ந்திருந்தோம். பேட்டரியைப் போட்டு மாட்டிவிட்டதும், அட்டையில் எழுதியிருந்ததையெல்லாம் மறுபடி ஒருமுறை வாயால் சொன்னார். எதற்கு இரண்டு தடவை என்று கேட்டேன். "எழுதிக் காட்டினா போதாது, அவங்க காதுல விழற மாதிரி சொல்லிட்டு வரணும்னு மிஸ் சொன்னாங்க தாத்தா" என்றார். பிறகு ஒரு நோட்டைத் திறந்து, பேட்டரி தீர்ந்ததால் எனக்கு என்ன நஷ்டம் என்று கேட்டார். "ஒன்றுமில்லை" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். புகார் அஞ்சலில் போய் நான்கு நாளாகிவிட்டது என்பதை அந்தப் பெண்ணிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

12. அன்று மதியமே மகளுக்கு நான் போன் செய்தேன். நாற்பது நிமிடம் பேசினோம். பேசினோம் என்பது தவறு, பெரும்பாதி நேரம் அவள் அழுதாள். நன்றாகக் கேட்டது. அந்த நாற்பது நிமிடத்துக்குப் பிறகாவது நான் தங்களுக்கு ஒரு தந்தி வாசகம்போல மூன்று சொல் எழுதியிருக்க வேண்டும்: புகாரைத் திரும்பப் பெறுகிறேன். எழுதவில்லை. கொடுத்த மனுவைத் திரும்பப் பெறுவது என் கௌரவத்துக்குக் குறைவு என்று இருந்துவிட்டேன். எப்படியும் இரண்டு ஆண்டு கிடப்பில் கிடக்கும் என்றும் நம்பினேன். தாமதத்தில் ஒருமுறையும் என்னைக் கைவிடாத அலுவலகங்கள், அந்தத் தாமதத்தை நான் நம்பியிருந்த இந்த ஒரு தடவை கைவிட்டுவிட்டன.

13. தங்கள் ஆணையின் நகல் கடந்த வெள்ளிக்கிழமை எனக்கு வந்தது. திங்கட்கிழமை காலை பள்ளிக்குப் போனேன். அந்த வகுப்பு நடக்கும் அறை பழைய பொருட்கள் வைக்கும் நீள அறை. உடைந்த பெஞ்சுகளை ஒருபுறம் ஒதுக்கி, நடுவில் இரண்டு மேசைகளைச் சேர்த்துப் போட்டிருக்கிறார்கள். ஆசிரியையிடம், புகார் எழுதியவன் நான் என்று சொன்னேன். "தெரியும் சார், உட்காருங்க" என்றார். ஆணைக்கு முன்பே, விளக்கம் கேட்ட கடிதத்தோடு தாங்கள் அனுப்பிய என் புகாரின் நகல் சுவரில் ஒட்டியிருந்தது. திட்டுவதற்காக அல்ல. ஆணை வந்த வியாழக்கிழமை, வகுப்பை நிறுத்தச் சொல்லி ஆள் வரும்வரை, பிள்ளைகள் அதைப் பாடமாகப் படித்திருக்கிறார்கள். "இது நமக்கு வந்த முதல் புகார். இதுல எதெல்லாம் நிஜம்னு பாருங்க" என்று ஆசிரியை கொடுத்திருக்கிறார். என் ஏழு குற்றச்சாட்டில் நான்குக்கு எதிரே "சரி, திருத்த வேண்டும்" என்று எழுதியிருந்தார்கள். ரசீது கொடுக்காதது, இரண்டாம் ஆளைக்கொண்டு சரிபார்க்காதது போன்றவை. ஐந்தாவது குற்றச்சாட்டில் "பத்தி 1" என்ற இடத்தைச் சிவப்பு மையில் சுழித்து, பக்கத்தில் "அப்படியானால் பத்தி 2 எங்கே?" என்று ஒரு பிள்ளை எழுதியிருந்தது. பள்ளியின் பழைய கோப்புகளில் தேடியிருக்கிறார்கள், கிடைக்கவில்லை. தங்கள் அலுவலகத்துக்கு நகல் கேட்டுக் கடிதம் எழுதினார்களாம், பதில் இல்லை. தலைநரைத்த பதிவறை எழுத்தர் ஒருவர், கையும் களவுமாகப் பிடிபட்டது பதினோராம் வகுப்புப் பிள்ளைகளிடம்.

14. "அவசரம்" அன்று என் வீட்டில் திறந்த அந்த நஷ்ட நோட்டு மேசை மேல் கிடந்தது. அனுமதி கேட்டுப் புரட்டிப் பார்த்தேன். தையல்காரர் ஒருவர்: "கதவு தட்டினது கேக்கல, வந்தவங்க திரும்பிப் போயிட்டாங்க." அடுத்த தெரு அம்மாள்: "பேத்தி பள்ளிக்கூடத்துல பாடினா, வாய் அசையறது மட்டும் தெரிஞ்சுது." என் பெயருக்கு எதிரே "அவசரம்" தன் கையெழுத்தில் எழுதியிருந்தது இது: "ஒன்றுமில்லை என்கிறார். முகம் அப்படி இல்லை. அடுத்த முறை மறுபடி கேட்க வேண்டும்." அடுத்த முறை என்பது வரும் சனிக்கிழமை. அதைத்தான் நான் நிறுத்திவைத்திருக்கிறேன். அங்கேயே உட்கார்ந்து அழுதேன் என்பதை மறைப்பதற்கில்லை.

15. தங்களுக்கு ஆசிரியை கொடுத்துள்ள விளக்கத்தில் அந்த மாணவியைப் பற்றிய பேச்சே இல்லை, பொறுப்பு முழுவதும் தன்னுடையது என்றே எழுதியிருக்கிறார் என்று தலைமை ஆசிரியை சொன்னார். அதற்காக இடமாற்றமோ தண்டனையோ வந்தால் ஏற்றுக்கொள்ளவும் அவர் தயார். என்னைத் தூங்கவிடாமல் செய்வது அது அல்ல. நான் புறப்படும்போது "அவசரம்" வராந்தாவில் எதிரே வந்தார். கைகட்டி ஒதுங்கி நின்றார். ஆசிரியை, "என்ன, அடுத்து என்ன செய்யலாம்னு யோசிச்சியா?" என்று கேட்டதற்கு, "இல்ல மிஸ். இனிமே நீங்க சொன்னதை மட்டும் செய்றேன்" என்று சொல்லிவிட்டு வகுப்புக்குப் போனார். அம்மையீர், சொன்னதை மட்டும் செய்து முப்பத்தாறு ஆண்டு கழித்தவன் நான். என்னால் யாருக்கும் கெடுதல் இல்லை என்று பிரிவு உபசார விழாவில் பேசினார்கள். நல்லது நடந்தது என்று யாரும் பேசவில்லை. எனக்கு அது அப்போது உறைக்கவில்லை. அந்தப் பெண்ணும் அப்படி ஆகிவிடக் கூடாது. அதற்கு என் கையெழுத்து காரணமாக இருப்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

16. ஆகவே சட்டப்படியான ஆதாரத்துக்கு வருகிறேன். நான் மறைத்த இரண்டாம் பத்தியின் முழு வாசகம்: "பாடத்தின் பகுதியாக, ஆசிரியர் மேற்பார்வையிலும் தலைமை ஆசிரியரின் எழுத்துமூல அனுமதியுடனும், வரவு செலவு அறிவிப்புப் பலகையில் வெளியிடப்பட்டு நடத்தப்படும் செயல்பாடுகளுக்கு மேற்கண்ட தடை பொருந்தாது." தலைமை ஆசிரியையின் அனுமதிக் கடிதம் வகுப்பு தொடங்கிய நாளிலிருந்தே உள்ளது. வரவு செலவு அறிவிப்புப் பலகையில் மாதந்தோறும் ஒட்டப்பட்டுள்ளது, நான் படித்துப் பார்த்தேன். சுற்றறிக்கையின் முழு நகலும் இத்துடன் இணைக்கப்பட்டுள்ளது. எனவே பார்வை 2-இல் கண்ட ஆணை, பாதியை மட்டும் காட்டிப் பெறப்பட்டது. அது நிற்காது.

17. கீழ்க்காண்பவற்றைச் செய்து தருமாறு கேட்டுக்கொள்கிறேன். வியாழக்கிழமை வகுப்பை நிறுத்திய ஆணையை ரத்து செய்ய வேண்டும். பீரோவைத் திறந்து பேட்டரிகளை வரும் சனிக்கிழமைச் சுற்றுக்கு முன் மாணவர்களிடம் ஒப்படைக்கச் சொல்ல வேண்டும். அவற்றின் ஸ்டிக்கர் எதுவும் உரிக்கப்படவில்லை என்பதைத் தலைமை ஆசிரியை முன்னிலையில் நானே எண்ணிப் பார்த்தேன். ஆசிரியையிடம் கேட்ட விளக்கத்தை முடித்துவைத்து, அவர் மீது நடவடிக்கை இல்லை என்று எழுத்தில் தர வேண்டும். பேட்டரி விஷயத்தில் மாணவர்கள் தங்கள் தவறைத் தாங்களே கண்டுபிடித்து, நாற்பத்து மூன்று வீட்டிலும் சொல்லி, மாற்றியும் கொடுத்துவிட்டார்கள். இந்தக் கோப்பில் தன் தவறைச் சொல்லாமல் இருந்தவன் நான் ஒருவன்தான். விசாரணை தேவை என்றால் என்னை விசாரியுங்கள். ஆவணத்தை மறைத்து அதிகாரியைத் தவறாக வழிநடத்தியதற்கு என்ன தண்டனை என்பது எனக்கு மனப்பாடம், தேடிப் பார்க்கும் சிரமம் தங்களுக்கு வேண்டாம்.

18. செவ்வாயும் புதனும் பிள்ளைகளின் வரைபடத்தை வைத்துக்கொண்டு எல்லாச் சந்தாதாரர் வீட்டுக்கும் போனேன். முதல் புகாரை எழுதியது யார் என்பதை ஒவ்வொரு வீட்டிலும் சொல்லிவிட்டுத்தான் கையெழுத்துக் கேட்டேன். இரண்டு வீட்டில் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். தையல்காரர் கதவைச் சாத்திவிட்டு, பிறகு திறந்து கையெழுத்துப் போட்டார். என்னையும் சேர்த்து நாற்பத்து மூன்று கையெழுத்துகள் இணைப்பில் உள்ளன.

19. சனிக்கிழமைக்குள் ஆணை வந்தால் இத்தோடு சரி. வராவிட்டால், திங்கட்கிழமை தங்கள் குறைதீர் கூட்டத்துக்கு நாங்கள் நாற்பத்து மூன்று பேரும் நேரில் வருகிறோம். நடக்க முடியாத ஆறு பேருக்கு வண்டி ஏற்பாடு செய்தாகிவிட்டது. அன்றைக்குள் எங்களில் பெரும்பாலோருக்கு பேட்டரி தீர்ந்திருக்கும். ஆகவே தங்கள் பதிலைச் சற்று உரக்கச் சொல்ல வேண்டியிருக்கும். வரிசையின் கடைசியில் இருப்பவர் "கேட்டது" என்று கை தூக்கும் வரை ஒருவரும் நாற்காலியை விட்டு எழுந்திருக்க மாட்டோம்.

நாள்: வியாழக்கிழமை, கடைசி இரண்டு பாடவேளை நேரம்.
இடம்: பள்ளியின் நீள அறை வாசல்.

இப்படிக்கு,
தன் புகாருக்குத் தானே எதிர்வாதியாகிய
மேற்படி புகார்தாரர்
(கையொப்பம்)

இணைப்பு: சுற்றறிக்கை, இரண்டு பத்திகளுடன். சந்தாதாரர் கையெழுத்துகள், நாற்பத்து மூன்று.